மாசத்துல பாதி நாள் தலைவலியா? காலண்டர்ல இருந்து ஆரம்பிங்க

மொதல்ல ஒரு செவப்புப் பேனா எடுத்துக்குங்க. நகைக்கடையோ மளிகைக்கடையோ குடுத்த மாசக் காலண்டர் ஒண்ணு எப்படியும் வீட்டுல தொங்கிட்டிருக்கும், கட்டம் பெருசா, பால் கணக்கு எழுதுற மாதிரி, அதுதான் வேணும். தலை வலிச்ச நாள்ல "வ"ன்னு போடுங்க, மாத்திரை போட்ட நாள்ல "ம"ன்னு போடுங்க. அவ்ளோதான். இதுக்கு ஆப் எல்லாம் இருக்கு, ஆனா நான் மூணு ஆப் டவுன்லோடு பண்ணி மூணையும் ஒரே வாரத்துல மறந்தவ, வலி இருக்கறப்ப போன் வெளிச்சத்தையே பாக்க முடியாது, அப்புறம் எங்க அதுல போய் வலிக்கு எத்தனை மார்க்குன்னு தட்டுறது.

நான் ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடைல கணக்கு பாக்குறேன், வயசு 38, ப்ளஸ் டூ படிக்கறப்ப இருந்தே ஒத்தைத் தலைவலி, அதான் மைக்ரேன். ஆரம்பத்துல மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு. ரெண்டாவது பையன் பொறந்ததுக்கு அப்புறம் வாரத்துக்கு ரெண்டு. அப்புறம் எந்த நாள் வலிக்கலைன்னு யோசிக்கற நெலமை. யாராவது கேட்டா "அப்பப்ப வரும்"னு சொல்லுவேன், நெஜமாவே அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன். காலண்டர்ல போட்ட மொத மாசம் எண்ணிப் பாத்தா "வ" 19, "ம" 22. வலிச்ச நாளை விட மாத்திரை போட்ட நாள் அதிகம்! மூணு நாள், கடைல ஆடிட்டர் வர்றாரு, எங்க வலி வந்துருமோன்னு பயந்து சும்மாவே முழுங்கியிருக்கேன்.

இந்த ரெண்டு நம்பர்தான் முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம். மாசத்துல 15 நாள் இல்ல அதுக்கு மேல தலைவலி, அதுல 8 நாளாவது மைக்ரேன் மாதிரியான வலி, இப்படி மூணு மாசத்துக்கு மேல போகுதுன்னா அதுக்கு டாக்டருங்க வைக்கற பேரு க்ரானிக் மைக்ரேன். பேர்ல என்ன இருக்குன்னு கேக்காதீங்க, அப்பப்ப வர்ற மைக்ரேனுக்கு பாக்குற வைத்தியம் வேற, இதுக்கு வேற.

இது மைக்ரேன்தானா?

ஒத்தைத் தலைவலின்னு பேர் இருக்கறதால ஒரு பக்கம் மட்டும்தான் வலிக்கணும்னு நெனச்சுக்கறாங்க. அப்படி இல்லைங்க. ரெண்டு பக்கமும் வரலாம், இன்னைக்கு இடது நாளைக்கு வலதுன்னு மாறலாம், எனக்கு பின்கழுத்துல புடிச்சு அப்படியே மேல ஏறி கண்ணுக்குப் பின்னாடி உக்காந்துக்கும். விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், மாடிப்படி ஏறுனா கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, மருந்து எடுக்காம விட்டா 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் இழுக்கும். வலி வர்றதுக்கு முந்தின நாளே சில பேருக்கு கொட்டாவி கொட்டாவியா வரும், கழுத்து இறுகும், எதுக்குன்னே தெரியாம எரிச்சல் வரும், இனிப்பு தின்னணும்னு இருக்கும். வலி போனதுக்கு அப்புறமும் ஒரு நாள் துவைச்சுப் போட்ட துணி மாதிரி கெடப்போம், அதுவும் இந்த நோயோட சேர்ந்ததுதான், சோம்பேறித்தனம் கெடையாது.

சில பேருக்கு வலிக்கு முன்னாடி கண்ணுல பளீர் பளீர்னு கோணல்மாணலா கோடு ஓடும், படிக்கற எழுத்துல பாதி காணாம போகும், கை மரத்துப்போகும், ஒவ்வொண்ணும் 5 நிமிசத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சரியாயிரும். இதுக்கு ஆரான்னு பேரு. பொண்ணுங்க இதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, ஆரா வர்றவங்க ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தா பக்கவாத ரிஸ்க் கூடும். பிசிஓடிக்குன்னு லேடி டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதறப்ப, அவங்க கேக்கலைன்னாலும் "எனக்கு ஆரா இருக்குங்க"ன்னு நீங்களே சொல்லிருங்க.

நம்ம ஊர்ல மைக்ரேனுக்கு இன்னொரு பேரு சைனஸ். "தலைல நீர் கோத்திருக்கு கண்ணு"ன்னு எங்க அத்தை சொல்லும், மாமியாரைத்தான் சொல்றேன், சொல்லிட்டு நொச்சி இலை போட்டு ஆவி புடிக்க வைக்கும். ஆவி புடிச்சா இதமா இருக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா மைக்ரேன்லயும் மூக்கு ஒழுகும், கண்ணுல தண்ணி வரும், கன்னத்தெலும்பு கனக்கும், அதான் குழப்பமே. 2004-ல அமெரிக்காவுல தங்களுக்கு சைனஸ் தலைவலின்னு நம்பிட்டிருந்த சுமார் 3,000 பேரை எடுத்துப் பாத்தாங்க, அதுல 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை வலி. சளி மஞ்சளா பச்சையா வரலை, காய்ச்சல் இல்லை, ஆனா மாசாமாசம் "சைனஸ்" வருதுன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க. நான் இதுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் அஞ்சு கோர்ஸ் எடுத்திருக்கேன், கண்ணாடி பவர் மூணு தடவை மாத்தியிருக்கேன், ஒரு பல்லு கூட புடுங்கியிருப்பேன், அந்தப் பல் டாக்டர் நல்லவர், வேண்டாம்னுட்டாரு.

இதெல்லாம் இருந்தா காலண்டரைத் தூக்கிப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்: இடி விழுந்த மாதிரி ஒரே நிமிசத்துல உச்சத்துக்குப் போற வலி, காய்ச்சலோட கழுத்து மடங்காம வர்ற வலி, கை கால் ஒரு பக்கம் இழுக்கறது, பேச்சு குழர்றது, ஃபிட்ஸ், தலைல அடிபட்டதுக்கு அப்புறம் வர்ற வலி. இது தவிர 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கற தலைவலி, கர்ப்பத்துலயோ பிரசவம் ஆன உடனேயோ வர்ற புது வலி, இருமுனா குனிஞ்சா வெடிக்கற மாதிரி வலி, இதையும் தள்ளிப்போடாதீங்க. "எனக்கு எப்பவும் வர்றதுதானே"ன்னு இருந்துராதீங்க, எப்பவும் வர்றது மாதிரி இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

மாத்திரையே வலியைக் குடுக்கும்

இதை யாரும் எனக்கு இருபது வருசமா சொல்லலை, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

எங்க கடைக்கு எதுத்தாப்ல ஒரு மெடிக்கல் ஷாப். நான் படி ஏறுறதுக்குள்ள அங்க இருக்கற தம்பி "வழக்கமானதா அக்கா?"ன்னு அட்டையைக் கிழிச்சு கவர்ல போட்ருவான். டீக்கடைல சொல்ற மாதிரி ஆயிருச்சு. பாரசிட்டமால், காஃபின், இன்னும் ஏதோ ஒண்ணு கலந்த மாத்திரை, போட்டா அரை மணி நேரத்துல கேக்கும். அப்புறம் ஒண்ணு போட்டா கேக்காது, ரெண்டு போட்டேன். அப்புறம் காலைல எந்திரிக்கறப்பவே வலி, காபி குடிச்சு மாத்திரை போட்டாதான் கண்ணே தெறக்கும். நான் என்ன நெனச்சேன், நோய் முத்திருச்சு, அதான் மாத்திரை அதிகமாகுதுன்னு. நெஜம் என்னன்னா மாத்திரை அதிகமானதுதான் நோயை முத்த வச்சுட்டிருந்துச்சு.

கணக்கு இதுதான். பாரசிட்டமால், இபுப்ரோஃபென், நாப்ராக்சன் மாதிரி சாதாரண வலி மாத்திரை தனியா போட்டா மாசத்துல 15 நாள். மைக்ரேனுக்குன்னே இருக்கற டிரிப்டான், எர்காட்டமின், கடுமையான வலிக்குக் குடுக்கற டிரமடால் மாதிரி, இல்ல ரெண்டு மூணு கலந்த காம்பினேஷன் மாத்திரைன்னா மாசத்துல 10 நாள். இந்த அளவை மூணு மாசத்துக்கு மேல எட்டுனாலோ தாண்டுனாலோ மருந்தாலயே தலைவலி வரலாம், இதுக்குத் தனிப் பேரே இருக்கு, மெடிக்கேஷன் ஓவர்யூஸ் தலைவலின்னு. இதுல எத்தனை மாத்திரைங்கறதை விட எத்தனை நாள்ங்கறதுதான் கணக்கு. அதுக்குத்தான் அந்த "ம".

இன்னொண்ணு, எர்காட்டமின் கலந்த மைக்ரேன் மாத்திரை இன்னமும் சீட்டு இல்லாமலே கேட்டா குடுக்கற கடை இருக்கு. அது ரத்தக்குழாயைச் சுருக்கற மருந்து. இதய நோய், கண்ட்ரோல் ஆகாத பிபி இருக்கறவங்களுக்கும் கர்ப்பிணிங்களுக்கும் ஆகவே ஆகாது, எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்கோட சேர்ந்தா கை கால்ல ரத்த ஓட்டமே நின்னு போற அளவுக்குப் போகும். அட்டையைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி பொடி எழுத்துல என்னென்ன கலந்திருக்குன்னு போட்டிருக்கும்.

இதுல இருந்து வெளிய வர்றது எப்படின்னா, நிறுத்தணும். ஆனா நீங்களா ஒரு ஞாயித்துக்கிழமை காலைல சபதம் போட்டு நிறுத்தாதீங்க. சாதாரண வலி மாத்திரையை ஒரே நாள்ல நிறுத்தலாம், ஆனா கோடீன், டிரமடால், தூக்க மாத்திரை இதெல்லாம் பழகிப் போனவங்க டாக்டர் மேற்பார்வைல படிப்படியாத்தான் கொறைக்கணும். எனக்கு நிறுத்துன அன்னைக்கே டாக்டர் தடுப்பு மருந்தும் (வலி வராம இருக்க தினமும் போடறது) ஆரம்பிச்சுக் குடுத்தாரு, வாந்திக்குத் தனியா மாத்திரை, ரொம்ப முடியலைன்னா வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் வேற ஒரு மருந்து. பொங்கல் முடிஞ்சு கடைல கூட்டம் கொறையற வாரமா பாத்து லீவு போட்டேன், இதையும் பிளான் பண்ணிக்குங்க, வீட்டுல விசேஷம் வச்சுக்கிட்டு இதை ஆரம்பிக்காதீங்க.

நிறுத்துனா மொதல்ல வலி கூடும். ரெண்டு நாள்ல இருந்து பத்து நாள் வரைக்கும் ஆகலாம், மருந்தைப் பொறுத்தது. எனக்கு மூணாவது நாள் மோசம், பாத்ரூம் தரைல உக்காந்தே தூங்கிட்டேன், வீட்டுக்காரர் மெடிக்கலுக்கு ஓடிப்போய் பழைய அட்டையை வாங்கிட்டு வந்துட்டாரு, பாவம், பாக்கப் பொறுக்கலை, அதைப் புடுங்கி அத்தைகிட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னேன். ஒன்பதாவது நாள் காலைல சமையக்கட்டுல குக்கர் விசில் அடிச்சுது, நான் படுத்தபடியே அதைக் கேட்டுட்டிருக்கேன், மூணாவது விசில் வரைக்கும் எண்ணுனதுக்கு அப்புறம்தான் உறைக்குது, விசில் சத்தம் தலைல குத்தலையேன்னு. எத்தனை வருசமாச்சோ.

டாக்டர்கிட்ட என்ன சொல்றது

மாசத்துல நாலஞ்சு நாளுக்கு மேல வருதுன்னா நியூராலஜிஸ்ட்டைப் பாருங்க. தனியார்தான்னு இல்லை, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிங்கள்ல நரம்பியல் ஓபி உண்டு, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை எல்லாம் பெரிய டிபார்ட்மெண்ட், எந்தக் கிழமை ஓபின்னு விசாரிச்சுட்டு காலைலயே போயிருங்க. கூட்டம் இருக்கும். அஞ்சு நிமிசம்தான் கெடைக்கும், அந்த அஞ்சு நிமிசத்துல "ரொம்ப வலிக்குது டாக்டர்"னு அழுதா (நான் அழுதிருக்கேன்) ஒண்ணும் நடக்காது. ஒரு முழுப் பேப்பர்ல எழுதிட்டுப் போங்க: மூணு மாசத்துல எத்தனை வ எத்தனை ம, இதுவரைக்கும் எடுத்த மருந்து பேரு, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாசம், ஏன் நிறுத்துனீங்க, வீட்டுல அம்மாவுக்கோ பாட்டிக்கோ இருந்துதா. அப்புறம் ஆஸ்துமா, பிபி, சுகர், கிட்னி கல்லு, கர்ப்பம் தரிக்கற ஐடியா இதுல எது இருந்தாலும் எழுதிருங்க. எந்த மருந்து உங்களுக்கு ஆகும் ஆகாதுங்கறதே இதை வச்சுத்தான்.

வேலைக்குப் போகாத நாள், போயும் பாதி வேலைதான் ஓடுன நாள், சமைக்க முடியாம போன நாள், கல்யாணம் காட்சின்னு போகாம விட்ட நாள், இதையும் மூணு மாசத்துக்கு எண்ணிட்டுப் போங்க. மிடாஸ்னு அஞ்சு கேள்வி வச்சு இதைத்தான் கேப்பாங்க, கூட்டுனா 21 இல்ல அதுக்கு மேல வந்தாலே கடுமையான பாதிப்புன்னு அர்த்தம். எனக்கு 60-க்கு மேல வந்துச்சு.

ஸ்கேன் பத்தி ஒண்ணு சொல்லணும். டாக்டர் பரிசோதிச்சுப் பாத்து நரம்பெல்லாம் சரியா இருந்து, நான் மேல சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லைன்னா பெரும்பாலும் எம்ஆர்ஐ தேவைப்படாது. நான் மொதல்ல போன ஒரு இடத்துல நாடி கூட புடிக்காம ஸ்கேனுக்கு எழுதிட்டாங்க. ரிப்போர்ட் நார்மல். அதைப் பாத்துட்டு வீட்டுல "அதான் ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சே"ன்னாங்க பாருங்க, வலியை விட அது வலிச்சுது. மைக்ரேன் ஸ்கேன்ல தெரியாதுங்க. ஸ்கேன் எடுக்கறது வேற எதுவும் இல்லைன்னு பாக்கத்தான்.

தடுப்பு மருந்து: பொறுமைதான் இதுல பாதி

வலி வந்தா போடற மாத்திரை வேற, வராம இருக்க தினமும் போடறது வேற. இந்த ரெண்டாவது வகையை நெறைய பேர் பத்தே நாள்ல "கேக்கலை"ன்னு நிறுத்திடறாங்க. சரியான டோஸுக்கு வந்ததுக்கு அப்புறம் ரெண்டுல இருந்து மூணு மாசம் எடுத்தாதான் கேக்குதா இல்லையான்னே சொல்ல முடியும். கேட்டா என்ன ஆகும்? வலி அடியோட போகாது. மாசத்துல 16 நாள் 8 நாளாச்சுன்னா அது வெற்றி, டாக்டருங்களும் பாதியாக் கொறையறதைத்தான் கணக்கு வச்சுக்கறாங்க.

இந்த மருந்துங்க எதுவுமே மொதல்ல மைக்ரேனுக்குன்னு வந்ததில்லை, இதைத் தெரிஞ்சுக்கலைன்னா பயந்துருவீங்க. புரோப்ரனலால் இதயத்துக்கும் பிபிக்கும் வந்தது, ஆஸ்துமா இருந்தா கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது, மைக்ரேனுக்கு 10 மில்லிகிராம் மாதிரி சின்ன அளவுல ராத்திரி ஆரம்பிப்பாங்க, தூக்கம் சரியில்லாதவங்களுக்கு நல்லா கேக்கும், வாய் காயும், காலைல மப்பா இருக்கும். ஃப்ளுனாரிசின் நம்ம ஊர்ல நெறைய எழுதறாங்க, வெயிட் போடும், மனசு டல்லடிக்கும், ஏற்கனவே மனச்சோர்வு இருந்தவங்க சொல்லிருங்க, வருசக்கணக்கா விடாம எடுக்கற மருந்தும் இல்லை அது. டோபிரமேட், வால்ப்ரோயேட் ரெண்டும் வலிப்பு மருந்து, கர்ப்பத்துல கொழந்தையைப் பாதிக்கும், அதனால கல்யாணம் ஆகப்போற, கொழந்தை பெத்துக்கப் போற பொண்ணுங்க இதைப் பத்தி டாக்டர்கிட்ட வெளிப்படையா பேசியே ஆகணும்.

எனக்குக் கேட்டது டோபிரமேட். 25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு வாராவாரம் ஏத்தி 100 வரைக்கும் போனேன். விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுங்கும், பசிக்காது, கோலி சோடா குடிச்சா சப்புன்னு இருக்கும், அப்புறம் வார்த்தை வராது. கடைல ஒரு கஸ்டமர்கிட்ட "அந்த... அது... பில்லு போடற..."ன்னு நின்னுட்டேன், கம்ப்யூட்டர்ங்கற வார்த்தை வரலை. டாக்டர்கிட்ட சொன்னதும் 75-க்கு கொறைச்சாரு, சரியாச்சு. தண்ணி நெறைய குடிக்கணும், இல்லைன்னா கிட்னில கல்லு வரலாம். கண்ணு திடீர்னு வலிச்சு பார்வை மங்குனா உடனே போய்ப் பாக்கணும்.

சீட்டைப் பாத்துட்டு மெடிக்கல் தம்பி "இது ஃபிட்ஸ் மாத்திரை அக்கா, யாருக்கு?"ன்னு சத்தமா கேட்டான், பக்கத்துல எங்க தெருக்காரம்மா. சாயங்காலம் அத்தை வந்து மெதுவா, "உனக்கு வலிப்பா கண்ணு, எங்ககிட்ட சொல்லலாம்ல?" சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஒரே மருந்து ரெண்டு மூணு நோய்க்கு கேக்கும்னு வீட்டுல முன்னாடியே சொல்லி வச்சுருங்க. செலவு கையைக் கடிக்குதுன்னா இதுல பல மருந்து ஜெனரிக்ல கெடைக்குது, மக்கள் மருந்தகத்துல கேட்டுப் பாருங்க, 2025-ல ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயும் விசாரிங்க.

இந்த மருந்தெல்லாம் வேண்டாம்ங்கறவங்களுக்கு ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) 400 மில்லிகிராம், மெக்னீசியம் இதெல்லாம் டாக்டருங்களே சொல்றாங்க, ரிபோஃப்ளேவின் எடுத்தா யூரின் பளிச்சுன்னு மஞ்சளா போகும், பயப்படாதீங்க. ஆனா மாசத்துல இருபது நாள் வலிக்கறவங்க இதை மட்டும் நம்பி உக்காந்துராதீங்க.

வலி வந்த அன்னைக்கு

சீக்கிரம் போடணும். வலி லேசா இருக்கறப்பவே. "தாங்கிப் பாப்போம், முடியலைன்னா போடலாம்"ங்கறது மைக்ரேனுக்குப் பொருந்தாது. தலை சீவறப்ப சீப்பு பட்டாலே வலிக்குது, கம்மல் கனக்குது, தலையணை படறதே எரியுதுன்னா நரம்பு ரொம்ப தூரம் கெளம்பிருச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் போடற மருந்து அரைகுறையாத்தான் கேக்கும். நான் இருபது வருசம் பண்ண தப்பு விசித்திரமானது, வராத வலிக்கு முன்கூட்டியே போட்டேன், வந்த வலிக்கு லேட்டா போட்டேன்.

இன்னொரு விஷயம், மைக்ரேன் வந்தா வயிறு வேலைநிறுத்தம் பண்ணிரும். போட்ட மாத்திரை வயித்துலயே கெடக்கும், ரத்தத்துல கலக்காது, அதான் கேக்கறதில்லை. அதனாலதான் நாப்ராக்சனோட டொம்பெரிடோன் சேத்து எழுதறாங்க, அது வாந்தியையும் நிறுத்தும், வயித்தையும் நகத்தும். அது கேக்கலைன்னா டிரிப்டான் இருக்கு, சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் மாதிரி, மைக்ரேனுக்குன்னே கண்டுபுடிச்ச மருந்து, ஹார்ட் பிரச்சினை, பக்கவாதம், கண்ட்ரோல் ஆகாத பிபி இருந்தா கூடாது. புரோப்ரனலால் எடுக்கறவங்களுக்கு ரிசாட்ரிப்டான் கம்மி டோஸ்தான், டாக்டர் மறந்தா நீங்க ஞாபகப்படுத்துங்க. வாந்தி ஓவரா இருந்தா நாக்குல கரையற மாத்திரை, மூக்குல அடிக்கற ஸ்ப்ரே, ஊசின்னு வேற வழியும் இருக்கு.

போட்டுட்டு இருட்டு ரூம்ல படுங்க, பின்கழுத்துல ஐஸ், துணில சுத்தி. தைலம் தேய்க்கறது உங்க இஷ்டம், எனக்கு அந்த வாசமே குமட்டும், எங்கம்மாவுக்கு அமிர்தாஞ்சன் இல்லைன்னா தூக்கம் வராது. சுக்கு உரசி பத்து போடறதும் அப்படித்தான், நெத்தில ஜிவ்வுன்னு இழுத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் கவனம் மாறும், தோல் எரிஞ்சா எடுத்துருங்க.

எதுனால வருதுன்னு துப்பறியறது

ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க, சாக்லேட் தின்னாத, தயிர் தொடாத, கத்திரிக்கா ஆகாதுன்னு. எல்லாத்தையும் நிறுத்திட்டு பட்டினி கெடந்தா அதுவே வலியைக் கொண்டு வரும், பட்டினியை விட பெரிய காரணம் நான் பாத்ததில்லை. வெள்ளிக்கிழமை விரதம் நான் விட்டுட்டேன், சாமி கோவிச்சுக்கலை. விடவே முடியாதுன்னா பாலு பழமாவது நேரத்துக்கு எடுத்துக்குங்க.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கு, தலைக்குக் குளிக்கறது. சிரிக்காதீங்க, 2006-ல மும்பை தலைவலி டாக்டர் ரவிசங்கர் இந்தியால 94 பேருக்கு தலைக்குக் குளிச்சா மைக்ரேன் வர்றதைப் பாத்து மருத்துவ இதழ்லயே எழுதியிருக்காரு. நீளமான முடி, காய நேரமில்லாம ஈரத்தோட ஜடை போட்டுட்டு ஓடறோம்ல. நான் இப்போ செவ்வா வெள்ளின்னு பாக்கறதில்லை, லீவு நாள்ல மதியம் குளிச்சு முழுசா காய வச்சுக்கறேன்.

அப்புறம் டென்ஷன் இருக்கறப்ப வராம டென்ஷன் முடிஞ்சதும் வர்றது. தீபாவளி சீசன்ல எங்க கடைல ராத்திரி பதினொண்ணு வரைக்கும் நிப்போம், அந்த பதினஞ்சு நாளும் தலை வலிக்காம கல்லு மாதிரி நிக்கும், தீபாவளி அன்னைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சு இட்லி வைக்கறப்ப மண்டையைப் பொளக்கும். ஓய்வுக்கும் ஒரேடியா குதிக்கக் கூடாது போல, மெதுவா எறங்கணும். ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கறதும் அதே கதைதான், எந்திரிக்கற நேரம் தினமும் ஒண்ணா இருக்கட்டும். காபி ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர், அதே நேரத்துக்கு, ஒரு நாள் அஞ்சு ஒரு நாள் ஒண்ணுமில்லைன்னு வேண்டாம். பீரியட்ஸுக்கு ரெண்டு நாள் முன்னாடில இருந்து வருதான்னு காலண்டர்ல "பீ"ன்னு சேத்துப் போட்டுப் பாருங்க, அப்படி கரெக்டா பொருந்துனா அந்த நாலஞ்சு நாளுக்கு மட்டும் தனியா மருந்து குடுக்க வழி இருக்கு. ஊதுபத்தி, மல்லிப்பூ, டீசல் புகை, மண்டபத்து ஸ்பீக்கர், வெயில், இதெல்லாம் ஓரளவுக்குத்தான் தப்பிக்க முடியும். நான் கடைல என் சீட்டை கண்ணை உறுத்துன டியூப்லைட்டுக்கு அடியில இருந்து மாத்திக் கேட்டேன், ஓனர் ஒரு மாதிரி பாத்தாரு, மாத்திக் குடுத்துட்டாரு.

இதுவும் கேக்கலைன்னா

ரெண்டு மூணு தடுப்பு மருந்து சரியான டோஸ்ல சரியான காலம் எடுத்தும் கேக்கலைன்னா கதை முடிஞ்சுதுன்னு இல்லை. பின்மண்டைல நரம்புக்குப் பக்கத்துல மரப்பு ஊசி போடறாங்க. போடாக்ஸ் இருக்கு, சுருக்கத்துக்குப் போடற அதேதான், க்ரானிக் மைக்ரேனுக்கு அமெரிக்காவுல 2010-ல அனுமதி குடுத்தாங்க, நெத்தி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள்னு 31 எடத்துல மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் சிஜிஆர்பி ஊசி. தலைக்கும் முகத்துக்கும் போற டிரைஜெமினல் நரம்புல இருந்து சிஜிஆர்பின்னு ஒரு பொருள் சுரந்துதான் இந்த வலியைக் கெளப்புதுன்னு கண்டுபுடிச்ச நாலு பேருக்கு 2021-ல மூளை ஆராய்ச்சிக்கான பிரெயின் பிரைஸ் குடுத்தாங்க. அதைத் தடுக்கற ஊசி 2018-ல இருந்து வந்துட்டிருக்கு, எரெனுமாப் மாதிரி, மாசம் ஒண்ணு. மைக்ரேன் வராம தடுக்கறதுக்குன்னே செஞ்ச மருந்து இதுதான் மொதல்ல. வெலை நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு எட்டாத ஒசரம், இன்சூரன்ஸ்ல வருமான்னு எழுத்துல கேட்டு வாங்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. அக்குபஞ்சர், சித்தா, யோகான்னு எங்க போனாலும் போங்க, ஆனா "மொதல்ல அந்த இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்து"ன்னு எவராவது சொன்னா செருப்பை மாட்டிக்கிட்டு வந்துருங்க, பொடில என்ன இருக்குன்னு சொல்ல மாட்டேங்கறவங்ககிட்டயும்தான்.

என் விஷயத்துல டோபிரமேட் எடுத்து ஒரு வருசம் ஆச்சு, டாக்டர் போன மாசம்தான் கொறைக்க ஆரம்பிச்சாரு, மாசம் 25 மில்லிகிராமா. காலண்டர் இன்னும் அதே ஆணிலதான் தொங்குது. இந்த மாசம் இதுவரைக்கும் "வ" 5, "ம" 3, நேத்து ஒரு கட்டத்துல சின்னவன் செவப்புப் பேனால பூனை வரைஞ்சு வச்சிருக்கான், அதை வலின்னு சேக்கறதா வேண்டாமான்னு தெரியலை.